முதலில் சுவிட்சைப் போடாதீர்கள்

அமெரிக்காவில் பழைய வீடு ஒன்று கைமாறும்போது, கார் ஷெட்டின் மூலையில் போர்வை போர்த்திய ஆளுயரப் பெட்டி ஒன்று அகப்படுவதுண்டு. போர்வையை விலக்கினால் மஞ்சள் பக்கப்பலகைகள், நடுவில் சிவப்புக் குமிழ் வைத்த ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், உச்சியில் ‘பேக்-மேன்’ என்று எழுதிய விளக்குப் பலகை. எடை நூறு கிலோவைத் தாண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கடைகளிலும் பீட்சா உணவகங்களிலும் நின்று, ஆட்டத்துக்கு 25 சென்ட் வீதம் காசு விழுங்கிய இயந்திரம். கண்டெடுத்தவருக்குக் கை பரபரக்கும். பிளக்கைச் சொருகிப் பார்த்துவிடலாமே! இந்த ஆர்கேட் பெட்டிகளைப் புதுப்பிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்லும் முதல் புத்திமதி இதற்கு நேர்மாறானது: சுவிட்சைப் போடாதீர்கள்.

பல ஆண்டுகள் உறங்கிய மின்சுற்றில் திடீரென்று மின்சாரம் பாய்ந்தால், அதுவரை பிழைத்திருந்த சில்லுகளும் சில நொடிகளில் செத்துவிடலாம். அதைவிட நுட்பமான காரணமும் உண்டு. இந்தப் பெட்டிகளில் கோளாறு போலத் தோன்றும் பல சங்கதிகள் கோளாறே அல்ல; வடிவமைத்தவரின் தந்திரம். சரியாக இருப்பதுபோல் தோன்றும் சில பாகங்களோ உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். எது முதுமை, எது சாமர்த்தியம் என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையில் பாதி.

பேக்-மேனையே எடுத்துக்கொள்வோம். 1980 மே மாதம், டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் நாம்கோ நிறுவனம் இதை ‘பக்-மேன்’ என்ற பெயரில் முதன்முதலாக மக்கள் முன் வைத்தது. வடிவமைத்தவர் தோரு இவாதானி. அமெரிக்காவில் தயாரிக்க உரிமம் வாங்கிய மிட்வே நிறுவனம் பெயரை மாற்றியது. ஆங்கிலத்தில் முதல் எழுத்தின் வளைவை யாராவது குறும்புக்காரர் சுரண்டிவிட்டால் பெயர் கெட்ட வார்த்தையாகிவிடும் என்ற பயம். மிட்வே தயாரித்தவை ஏறத்தாழ ஒரு லட்சம் பெட்டிகள். இன்றும் கார் ஷெட்டுகளில் அவை அகப்படுவதற்கு அந்த எண்ணிக்கையே காரணம்.

வேலையைக் காசுக் கதவிலிருந்து தொடங்குவது நல்லது. பூட்டு திறக்கவில்லையென்றால் துளையிட்டு எடுத்துவிடலாம். புதுப் பூட்டு சுலபமாகக் கிடைக்கும். உள்ளே ஒரு கொக்கியில் பின்கதவின் சாவி தொங்கிக்கொண்டிருக்கக் கூடும். அன்றைய கடைக்காரர்கள் அதை அங்கேதான் மாட்டிவைத்தார்கள். ஆனால் சாவியைவிடப் பெரிய புதையல் அந்தக் கதவின் பின்புறம் திருகியிருக்கும் உள்ளங்கையளவு உலோகப் பெட்டி. அதுதான் காசைச் சோதிக்கும் பொறி. அதற்கு மின்சாரமே வேண்டாம்.

அமெரிக்காவின் 25 சென்ட் காசு 24.26 மில்லிமீட்டர் விட்டமும் 5.67 கிராம் எடையும் கொண்டது. உள்ளே செம்பு, வெளியே செம்பும் நிக்கலும் கலந்த பூச்சு. போடும் காசு முதலில் ஒரு சிறு தொட்டிலில் விழும். விட்டம் குறைந்த காசு தொட்டிலின் கைகளுக்கு நடுவே நழுவி வெளியே போய்விடும். எடை குறைந்த காசு தொட்டிலைச் சாய்க்காது. இரண்டிலும் தேறியது சரிவில் உருண்டு, ஒரு காந்தத்தைக் கடக்கும். இரும்பு வில்லையென்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். காசைத் திருப்பித் தரும் பொத்தானை அழுத்தும்போது ஒரு கரம் அதைத் துடைத்துத் தள்ளிவிடும்.

செம்பு காந்தத்தில் ஒட்டாதுதான். ஆனால் காந்தத்தின் அருகே செம்பு நகர்ந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதாவது உலோகத்துக்குள்ளேயே வட்டமடிக்கும் மின்சாரம். அது காசின் ஓட்டத்துக்குக் கடிவாளம் போடும். எவ்வளவு வேகம் குறையும் என்பது உலோகத்தைப் பொறுத்தது. அசல் காசு, சரியான வேகத்தில் சரிவின் நுனியை விட்டுப் பாய்ந்து, சரியான இடத்தில் விழும். போலிக் காசு தாண்டிப் போகும் அல்லது முன்னதாகவே விழும். இரண்டுக்கும் வழி வெளியேதான். விட்டம், எடை, உலோகம் என மூன்று தேர்வுகள், ஒரு நொடிக்குள், ஒரு கம்பிகூட இல்லாமல்! எல்லாம் முடிந்து உள்ளே வரும் காசு ஒரு மெல்லிய கம்பியைத் தட்டும்போதுதான் கணினிக்கே சேதி போகிறது. பெரும்பாலும் இதற்குத் தேவைப்படும் வைத்தியம், கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைப்பது மட்டும். எண்ணெய் போடவே கூடாது. பிசுபிசுத்த சரிவில் காசின் வேகம் மாறிவிடும், நல்ல காசும் திருப்பியனுப்பப்படும்.

பின்கதவைத் திறந்தால் எலிக்கூடு, தூசி, யாரோ எப்போதோ சுற்றிய இன்சுலேஷன் டேப். எதைக் கழற்றும் முன்பும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு கட்டுங்கள். 1985இல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் ‘ஜாம்மா’ என்ற 56 முனைப் பொது இணைப்பை வகுக்கும்வரை, ஒவ்வொரு நிறுவனமும் கம்பிகளைத் தன் இஷ்டப்படிதான் இணைத்தது. அதனால் பழைய பெட்டியில் ஞாபகத்தை நம்பினால் மோசம் போவீர்கள். பிறகு ஃபியூஸ்கள். குறித்திருக்கும் ஆம்பியரைவிடத் தடித்த ஃபியூஸ் இருக்கிறதா, சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படி இருந்தால், உள்ளே எங்கோ ஒரு பாகம் அடிக்கடி ஃபியூஸை எரித்திருக்கிறது என்று அர்த்தம். முன்பு பார்த்த மெக்கானிக் எழுதாமல் விட்டுப்போன குறிப்பு அது.

அடுத்தது மின்வழங்கி. விளையாட்டுப் பலகையின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மின்வழங்கிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அந்தக் காலச் சில்லுகளுக்குத் தேவை 5 வோல்ட். அதில் விட்டுக்கொடுக்கும் இடம் மிகக் குறைவு: 4.75க்குக் கீழே போனால் தடுமாறும், 5.25ஐத் தாண்டினால் ஆபத்து. பேக்-மேனில் ஒரு விசேஷம், அதன் பலகைக்கு வருவதே மாறுமின்சாரம். அதை 5 வோல்ட் நேர்மின்சாரமாக்கும் பாகங்கள் பலகையின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்த மின்சாரம் முழுவதும் பலகையின் ஓரத்து இணைப்பிலிருக்கும் ஒருசில செப்புப் பட்டைகள் வழியாகவே நுழைகிறது. பட்டையில் கொஞ்சம் களிம்பு ஏறினால் அங்கே தடை கூடும், சூடு கூடும், சூடு இன்னும் களிம்பைச் சேர்க்கும். பல பேக்-மேன் பலகைகளில் அந்த ஓரம் கருகிக் கிடப்பது இப்படித்தான். ‘ஆட்டம் வரவில்லை’ என்று சில்லுகளைச் சந்தேகிக்கும் முன், அந்தப் பட்டைகளைத் துடைத்து, இணைப்பானைப் புதிதாக மாற்றுங்கள். பாதி நோயாளிகள் அங்கேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இதே பிரச்சினைக்கு அட்டாரி நிறுவனம் வேறு வழி கண்டது. மின்வழங்கியிலிருந்து பலகைக்குப் போகும் கம்பிகளோடு, பலகையில் உண்மையில் எத்தனை வோல்ட் வந்து சேர்ந்தது என்று ‘ஒற்று’ பார்த்துத் திரும்பும் தனிக் கம்பிகளையும் ஓட்டியது. வழியில் கொஞ்சம் வோல்ட் தொலைந்தால், மின்வழங்கி அதை உணர்ந்து அந்த அளவு சேர்த்து அனுப்பும். அருமையான ஏற்பாடு. ஆனால் நாற்பது ஆண்டுக் களிம்பு அந்த ஒற்றுக் கம்பிகளையும் பிடித்துவிட்டால்? உண்மையில் குறையே இல்லாதபோதும் குறைவு என்று சேதி வரும், மின்வழங்கி தாராளமாக அள்ளிக் கொடுக்கும், பலகைக்கு ஆபத்து. சாமர்த்தியமே வில்லனாகும் தருணம் இது. அட்டாரி பெட்டி கிடைத்தால் மின்வழங்கியில் மட்டும் அளந்து திருப்திப்படாமல், பலகையின் மேலும் அளந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி மின்தேக்கிகள். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர்கள் கெப்பாசிட்டர் அல்லது கண்டன்சர் என்பார்கள். சிறு உருளைகள். பிரித்தால் உள்ளே சுருட்டிய அலுமினியத் தகடு, ஈரத்தாள். தகட்டின் மேல் அலுமினிய ஆக்சைடின் படலம் ஒன்று இருக்கிறது. மின்சாரத்தைத் தடுத்துத் தேக்கி வைப்பது அதுதான். ஒரு வோல்ட்டைத் தாங்க ஒன்றரை நானோமீட்டர் அளவு தடிமன் போதும். நூறு வோல்ட் மின்தேக்கியில்கூட அந்தப் படலம் தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான். தாளில் உள்ள ஈரம் அந்தப் படலத்தின் சிறு காயங்களை ஆற்றிக்கொண்டே இருக்கும்! ஈரம் காய்ந்துபோனால் ஆற்றுவதற்கு ஆளில்லை. அப்போது படம் நெளியும், ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும்.

வெளிப்பார்வைக்கு மின்தேக்கி புத்தம்புதிதாகவே இருக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் கணக்கு. காற்றோட்டமில்லாத மரப்பெட்டிக்குள், நாள் முழுக்க எரியும் பிக்சர் டியூபுக்குப் பக்கத்தில் அவை பட்ட பாட்டை யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே மானிட்டரில் உள்ள இந்த வகை மின்தேக்கிகள் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது வழக்கம். ஒவ்வொரு மானிட்டர் ரகத்துக்கும் தேவையானவற்றைப் பொட்டலமாகவே விற்கிறார்கள். கழற்றும்போது எந்தப் பக்கம் கழித்தல் குறி என்று பார்த்து, ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பது உத்தமம். திசை மாறினால் பட்டாசு போல வெடிக்கும்.

ஆனால் மானிட்டரைத் தொடும் முன் ஒரு சடங்கு பாக்கியிருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

19 அங்குல வண்ண பிக்சர் டியூபுக்குள் எலெக்ட்ரான்களை இழுக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவை. நம் வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட்டைப் போல எண்பது, தொண்ணூறு மடங்கு. இவ்வளவு உயர் அழுத்தத்தைச் சீராகப் பிடித்துவைக்க ஒரு பெரிய மின்தேக்கி வேண்டும். அது விலை அதிகம். வடிவமைத்தவர்கள் டியூபையே மின்தேக்கியாக்கிவிட்டார்கள். கண்ணாடியின் உட்புறம் ஒரு மின்கடத்திப் பூச்சு, வெளிப்புறம் கறுப்புக் கிராஃபைட் பூச்சு, நடுவே கண்ணாடி. கூடுதல் செலவு ஏதுமில்லை. ஆனால் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பின்னும் அந்தக் கண்ணாடி மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். எத்தனை நாள் என்று நம்பிச் சொல்ல முடியாது.

அதனால், இன்சுலேஷன் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் ஒரு ஒயரைக் கட்டி, ஒயரின் மறுமுனையை மானிட்டரின் இரும்புச் சட்டத்தில் முதலில் கவ்வவிட வேண்டும். பிறகு டியூபின் மேலுள்ள ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை நுழைத்துத் தொட வேண்டும். ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், நெஞ்சுக்குக் குறுக்கே மின்சாரம் பாய வழியிருக்கக் கூடாது. ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்கும். முடிந்ததா? இல்லை. சில நிமிடம் பொறுத்து மறுபடியும் தொடுங்கள். மறுபடியும் சிறு பொறி பறக்கலாம். கண்ணாடியின் மூலக்கூறுகளுக்குள் ஊறிப்போன மின்னேற்றம் மெல்ல மேலே வருவதன் விளைவு அது. இதையெல்லாம் பழகியவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல் நீங்களே முயல வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து.

டியூபைத் தூக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. உள்ளே வெற்றிடம். வளிமண்டலம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்துகிறது. 19 அங்குலத் திரையின் முகப்பில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் பாரம். முகப்புக் கண்ணாடி தடிமனானது, தாங்கும். பின்னால் நீளும் கழுத்துதான் மெலிது. டியூபை அந்தக் கழுத்தைப் பிடித்துத் தூக்குபவர் டியூபை இழப்பார்.

இந்த மானிட்டர் வண்ண டிவியின் உடன்பிறப்புதான். நொடிக்குப் பதினையாயிரம் கிடைக்கோடுகளுக்கு மேல் வரைந்து, அறுபது படங்களை முடிக்கிறது. பேக்-மேனில் அதைத் தொண்ணூறு டிகிரி திருப்பி நிமிர்த்தியிருப்பார்கள். புதிர்ப்பாதை அகலத்தைவிட உயரம் கூடியது என்பதால் 224க்கு 288 புள்ளிகள். திரையில் ஒரு மூலை பச்சையாகவும் இன்னொரு மூலை ஊதாவாகவும் தெரிந்தால் பதறாதீர்கள். திரைக்குப் பின்னால் உள்ள துளைத்தகடு காந்தமேறிவிட்டது, அவ்வளவுதான். பெட்டியை வேறு திசைக்குத் திருப்பி வைத்தால்கூட, பூமியின் காந்தப்புலம் இப்படி நிறத்தைக் கெடுக்கும். மாறுமின்சாரம் ஓடும் வளையத்தைத் திரைமுன் சுழற்றி, மெல்ல மெல்லப் பின்வாங்கினால் காந்தம் இறங்கிவிடும்.

பல மானிட்டர்களில் இந்த வளையம் டியூபைச் சுற்றியே இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்துவது ஒற்றைச் சிறு பாகம். சூடேறினால் தடையைக் கூட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. சுவிட்சைப் போட்டவுடன் வளையத்தில் மின்சாரம் பெருகும், பாகம் சூடாகும், மின்சாரம் தானே படிப்படியாகத் தேயும். பின்வாங்கும் கையின் வேலையை ஒரு வில்லை செய்துமுடித்துவிடுகிறது.

மின்தேக்கிகள் மாற்றிய மானிட்டருக்கு முதல் மின்சாரம் கொடுக்க, நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் நன்றாகத் தெரிந்த உபாயம் உண்டு: சீரீஸ் லாம்ப். நூறு வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துக் கொடுத்தால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது பல்பு பளிச்சென்று எரியும், மானிட்டர் பிழைக்கும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பழைய மானிட்டர்கள் பலவற்றுக்கு மின்சாரம், பெட்டிக்குள் உள்ள தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே வர வேண்டும். மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது நேரே சுவர் பிளக்கில் சொருகினால், சட்டமே ஷாக் அடிக்கலாம்.

எல்லாம் சரியானதும் ஒரு ஆவி கண்ணில் படும். அணைத்திருக்கும் திரையை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால், பேக்-மேனின் புதிர்ப்பாதை மங்கலாகத் தெரியும். பல ஆண்டுகள் ஒரே கோடுகள் ஒரே இடத்தில் ஒளிர்ந்ததால், அங்கே ஒளிரும் பூச்சு தேய்ந்துவிட்டது. இதற்கு மருந்தில்லை. பழைய டிவி ஒன்றிலிருந்து பொருந்தும் டியூபை எடுத்து மாற்றலாம். கழுத்தின் ஊசி அமைப்பு, சூடேற்றும் இழையின் வோல்ட், கழுத்தைச் சுற்றிய காந்தச் சுருளின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். தட்டைத் திரை போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. டியூபின் புள்ளிகள் ஓரத்தில் சற்றே கசிந்து ஒன்றோடொன்று கலப்பதை மனத்தில் வைத்துத்தான் அன்றைய ஓவியர்கள் படம் வரைந்தார்கள். தட்டைத் திரையில் அதே படம் சதுரக் கட்டைகளாகச் சிதறுகிறது.

டியூபில் தெரிவதெல்லாம் கோளாறு அல்ல என்பதற்கு 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ நல்ல சாட்சி. நின்று ஆடும் பெட்டியைத் திறந்து மானிட்டரை நேரடியாகப் பார்த்தால் எழுத்துகள் இடவலமாகத் திரும்பியிருக்கும். சரிசெய்துவிடாதீர்கள்! ஆடுபவர் பார்ப்பது மானிட்டரை அல்ல. பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியில் விழும் அதன் பிம்பத்தை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிலவின் தரை வரைந்த ஓவியம். வேற்றுக்கிரகவாசிகள் நிலவுக்கு மேலே மிதப்பதாகத் தோன்றும். மானிட்டரோ வெறும் கறுப்பு வெள்ளை. பச்சையும் சிவப்பும் ஒட்டிய வண்ணத்தாள் பட்டைகளின் உபயம். புதுப்பிக்கும்போது ‘அழுக்குத் தாள்’ என்று அவற்றைக் கிழித்து எறிந்துவிடும் அபாயம் உண்டு.

1979இல் வந்த அட்டாரியின் ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ இன்னும் ஒரு படி மேல். அதன் மானிட்டரில் கிடைக்கோடுகளே கிடையாது. சாதாரணத் திரை வயலை வரிவரியாக உழுகிறதென்றால், இது வாசலில் கோலம் போடுகிறது: கோடு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் எலெக்ட்ரான் கற்றை போகும். அதனால்தான் அந்தக் கோடுகளில் அப்படியொரு கூர்மை. ஆனால் கற்றையை நகர்த்தும் சைகை நின்றுபோனால், முழு ஒளியும் ஒரே புள்ளியில் குவிந்து திரையைச் சுட்டுவிடும். அதைத் தடுக்க ஒரு காவல் சுற்று இருக்கிறது. அசைவு நின்றதும் கற்றையை அணைத்து, ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை ஏற்றும். அனுபவமில்லாதவர் இருண்ட திரையையும் சிவப்பு விளக்கையும் பார்த்து மானிட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டுவார். பல நேரம் மானிட்டர் நலமாகத்தான் இருக்கும். சைகை அனுப்பாத விளையாட்டுப் பலகைதான் குற்றவாளி.

சரி, அந்தப் பலகைக்கே வருவோம். பேக்-மேனின் மூளை நொடிக்கு முப்பது லட்சம் துடிப்பில் இயங்கும் இசட்-80 என்ற சில்லு. முழு ஆட்டத்தின் நிரலும் 16 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோ மூன்று மெகாபைட் என்றால், அந்த இடத்தில் ஏறக்குறைய இருநூறு பேக்-மேன் நிரல்களைப் போடலாம். சுவிட்சைப் போட்டதும் திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் தோன்றி மறையும். நினைவகத்தைத் தானே சோதித்துக்கொள்கிறது, பயம் வேண்டாம். அந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வந்தால்தான் கோளாறு. பலகையில் எந்நேரமும் ஓடும் எண்ணி ஒன்று உண்டு. நிரல் ஒழுங்காக ஓடும்வரை அடிக்கடி அந்த எண்ணியைப் பூச்சியத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிரல் வழிதவறினால் தள்ள ஆளிருக்காது; எண்ணி உச்சத்தைத் தொட்டு மொத்தக் கணினியையும் முதலிலிருந்து தொடங்கவைக்கும். ஆளில்லாத கடையிலும் இயந்திரம் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ள இந்த ஏற்பாடு.

அந்தக்காலப் பலகைகள் பலவற்றில் நிரல் ‘ஈப்ரோம்’ எனப்படும் சில்லுகளில் இருக்கும். நடுவில் சிறு கண்ணாடி ஜன்னல் வைத்த சில்லு அது. உள்ளே, நாலாபுறமும் அடைக்கப்பட்ட நுண்ணிய தீவுகளில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கின்றன. அவை இருப்பதும் இல்லாததும்தான் நிரல். புற ஊதா ஒளி பட்டால் சிறை திறந்துவிடும், நிரல் அழியும். நேர் வெயிலில் ஒரு வாரம், டியூப்லைட் வெளிச்சத்தில் மூன்று ஆண்டு போதும் என்று தயாரித்த இன்டெல் நிறுவனமே குறித்திருக்கிறது. ஜன்னலின் மேல் ஒட்டிய சீட்டை அசிங்கமாக இருக்கிறதென்று உரிப்பவர், நிரலைத்தான் உரிக்கிறார். அழிந்தாலும் பெரும்பாலும் மீட்கலாம். 1997இல் இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய ‘மேம்’ என்ற மென்பொருள் திட்டம், ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் சில்லுகளில் இருப்பதைப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் கொடுத்திருக்கிறது. உங்கள் சில்லைப் படித்து அந்த எண்ணோடு ஒப்பிட்டால், ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

‘டிஃபெண்டர்’ போன்ற வில்லியம்ஸ் நிறுவன ஆட்டங்களில் எமன் வேறு வடிவில் இருப்பான். அதிக மதிப்பெண்களை நினைவில் வைக்கப் பலகையில் மூன்று பென்சில் பேட்டரிகள் மாட்டியிருக்கும். மறந்துபோன பேட்டரி கசிந்தால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் செப்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். இதைத் துடைக்கச் சமையல் சோடாவைத் தேடுகிறார்கள். தவறு, சோடாவும் காரம். காரத்தை முறிக்க அமிலம்தான் வேண்டும். வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். பேட்டரியைப் பலகையை விட்டுத் தள்ளி, ஒயர் வைத்து மாட்டினால் இனி கசிந்தாலும் கவலையில்லை.

எல்லாப் பேட்டரியும் இப்படி அப்பாவி அல்ல. 1993இல் கேப்காம் நிறுவனம் கொண்டுவந்த ‘சிபிஎஸ்-2’ பலகைகளில் நிரல் பூட்டப்பட்டிருந்தது. அதற்கான சாவி எண்கள், பேட்டரி உயிரூட்டும் நினைவகத்தில் மட்டும் இருந்தன. திருட்டு நகல்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. பேட்டரி தீர்ந்தால் சாவி மறைந்து, காசு கொடுத்து வாங்கிய அசல் ஆட்டமும் செத்துவிடும். ‘தற்கொலை பேட்டரி’ என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். 2016இல் ஆர்வலர்கள் அந்தச் சாவி எண்களைப் பலகைக்குள் மறுபடி ஏற்றும் வழியைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். இறந்த பலகைகள் எழுந்தன.

ஜாய்ஸ்டிக்கில் இவ்வளவு நாடகம் இல்லை. அதன் அடியில் இலை போன்ற இரட்டைத் தகடுகள் நாலு திசைக்கும் நிற்கும். குச்சியைச் சாய்த்தால் இரண்டு இலைகளும் தொட்டுக்கொள்ளும். பேக்-மேன் திரும்ப மறுத்தால் தொடுமுனைகளில் கறை படிந்திருக்கிறது. அரம் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். ஒரு விசிட்டிங் கார்டை இலைகளுக்கு நடுவே வைத்து, லேசாக அழுத்தி உருவினால் போதும்.

கடைசியில் மரவேலை. பெட்டிகள் பலவும் ப்ளைவுட்டாலும் பார்ட்டிகிள் போர்டாலும் ஆனவை. ஈரத் தரையில் நின்ற பெட்டியின் அடிப்பகுதி ஊதி, பொரிந்து கிடக்கும். லேசான வீக்கமென்றால் நீர்த்த எபாக்சியை ஊறவிட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் காயவைக்கலாம். உளுத்துப்போயிருந்தால் அந்தப் பகுதியை அறுத்தெடுத்து, ப்ளைவுட் துண்டை ஒட்டிப் பட்டி பார்க்க வேண்டும். விளிம்பில் ஓடுவது டி வடிவப் பிளாஸ்டிக் பீடிங். அதன் தண்டு பலகையின் காடியில் நுழைந்து பிடித்துக்கொள்ளும். வளைவுகளில் தண்டை ஆங்கில ‘வி’ போலக் கத்தரித்து, ஹேர் டிரையரால் சூடுகாட்டினால் சொன்னபடி வளையும்.

புது ஆட்டம் வந்தபோதெல்லாம் கடைக்காரர்கள் பழைய பெட்டிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, வேறு பலகையை மாட்டினார்கள். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்புக்கு அடியில் பழைய ஓவியத்தின் விளிம்புகள் மேடாகத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு நிறத்தையும் வெட்டுத்தாள் வைத்துத் தனித்தனியாகத் தெளித்திருந்தார்கள். நனைத்த உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்துக் கறுப்பை மட்டும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை.

எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாமா? பேக்-மேன் பெட்டிகள் பலவற்றில் இடது பக்கத்து விளிம்பில் மட்டும் பெயிண்ட் தேய்ந்திருக்கும். ஜாய்ஸ்டிக் ஒன்றே ஒன்று. பெரும்பாலானோர் வலது கையால் ஆட்டுவார்கள். வேலையில்லாத இடது கை பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆயிரமாயிரம் பேரின் பதற்றம் தேய்த்த தேய்மானம் அது. அதன்மேல் மஞ்சள் பெயிண்ட் அடிப்பவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் என் பெட்டியென்றால் அப்படியே விட்டுவிடுவேன்.

பெட்டி தயாரானதும் ஆடிப் பாருங்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும்; மின்வழங்கியில் கோளாறு இல்லை. அந்தக் கணினியால் ஒரு படத்துக்கு ஒரு எதிரியைத்தான் நகர்த்த முடியும். 55 பேரும் ஒரு அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி. ஒரே ஒருவன் மிஞ்சினால் நொடிக்கு அறுபது அடி. இயலாமையிலிருந்து பிறந்த பரபரப்பு.

பேக்-மேனில் அசாத்தியத் திறமை உள்ளவர் 255 கட்டங்களைத் தாண்டினால், 256ஆவது கட்டத்தில் திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணும் பழமுமாகச் சிதறிவிடும். தின்ன வேண்டிய புள்ளிகள் போதாததால் அந்தக் கட்டத்தை முடிக்கவே முடியாது. பார்ப்பவர் நினைவகச் சில்லு போய்விட்டது என்றே சத்தியம் செய்வார். கட்டத்தை எண்ண நிரலில் ஒதுக்கியது ஒரு பைட். அதில் 255 வரைதான் எண்ண முடியும், அடுத்து பூச்சியம். திரையின் அடியில் பழங்களை வரையும் நிரல் துண்டு அந்தப் பூச்சியத்தைக் கண்டு குழம்பி, ஏழு பழங்களுக்குப் பதில் 256 பழங்களை வரையக் கிளம்பி, பாதித் திரையை மெழுகிவிடுகிறது. எந்தச் சில்லை மாற்றினாலும், எத்தனை மின்தேக்கிகளைப் புதிதாக்கினாலும் அது தீராது. 1980இல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றே பெட்டிக்குள் இருந்தது அது.